கடைசிப் பேருந்திலிருந்து பின்னோக்கி: ஊருக்கு வெளியே ஒரு சிறிய கலை அருங்காட்சியகம்

ஏரிக்கரையிலோ மலைச்சரிவிலோ இருக்கும் சிறிய கலை அருங்காட்சியகம் ஒன்றில் நாற்பது, ஐம்பது படைப்புகள் இருந்தாலே அதிகம். நிதானமாகப் பார்த்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். போய்ச் சேர்ந்து திரும்பி வரத்தான் ஒரு முழு நாள் வேண்டும். அதனால் இந்தப் பயணம் கெடுவது ஓவியத்தின் முன்னால் நிற்கும்போது அல்ல. பேருந்து நிறுத்தத்தில், டிக்கெட் கவுன்டரில், சில நேரம் போன வாரம் தேதி குறித்தபோதே கெட்டுவிடுகிறது. பெருநகரத்தில் ஒரு மியூசியம் மூடியிருந்தால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். இங்கே பூட்டிய கதவுக்கு அப்பால் மரங்கள்தான்.

முதலில் விடுமுறை நாள். உலகத்தில் பெரும்பாலான மியூசியங்கள் வாரத்தில் ஒரு நாள் மூடுகின்றன, அது பல இடங்களில் திங்கள். ஆனால் எல்லா இடத்திலும் இல்லை என்பதுதான் சிக்கல். ஜப்பானின் உள்நாட்டுக் கடலில் நவோஷிமா என்ற தீவு இருக்கிறது. அங்கே தடாவ் ஆண்டோ வடிவமைத்து 2004-இல் திறக்கப்பட்ட சிச்சு கலை அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. பக்கத்துத் தீவான தெஷிமாவில் உள்ள அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. குளிர்மாதங்களில் மூடும் நாட்கள் இன்னும் கூடும். திங்கட்கிழமை சிச்சு, செவ்வாய்க்கிழமை தெஷிமா என்று திட்டம் போட்டவருக்கு இரண்டும் கிடைக்காது. அதையே மாற்றிப் போட்டிருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும். இன்னொன்று: விடுமுறை நாளன்று அரசு விடுமுறை வந்துவிட்டால் அன்று திறந்துவிட்டு மறுநாள் மூடும் வழக்கம் அங்கே உண்டு. ஆகவே எந்தக் கிழமை என்று பார்த்தால் போதாது, போகப்போகும் தேதியை மியூசியத்தின் சொந்த நாட்காட்டியில் பார்க்க வேண்டும். வரைபடச் செயலி காட்டும் நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள்.

வாராந்தர விடுமுறையைவிட மோசமாக ஏமாற்றுவது கண்காட்சி மாற்றும் இடைவேளை. பெரிய மியூசியத்தில் ஒரு கூடத்தை மூடிவிட்டு மற்றவற்றைத் திறந்து வைக்க முடியும். நான்கு அறைகள் மட்டும் உள்ள இடத்தில் அதற்கு வழியில்லை. பழைய படங்களை இறக்கி, சுவரைப் பூசி, புதியவற்றை ஏற்றி, விளக்குகளைத் திருப்பி முடிக்கும்வரை முழுக் கட்டடமும் மூடியிருக்கும். அது இரண்டு வாரமாகவும் இருக்கலாம், மாதக்கணக்காகவும் இருக்கலாம். ஜப்பானின் ஷிகா மாவட்ட மலைகளுக்குள் இருக்கும் மிஹோ அருங்காட்சியகம் குளிர்காலத்தில் நீண்ட காலம் மூடிவிடுகிறது. கண்காட்சிப் பருவங்களுக்கு நடுவிலும் மூடும்.

திறந்திருக்கிறது என்று தெரிந்த பிறகும், எந்தப் படைப்புக்காகப் போகிறீர்களோ அது சுவரில் இருக்கிறதா என்று கேளுங்கள். மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதினால் சிறிய இடங்கள் பெரும்பாலும் பதில் தரும். பெரிய நிறுவனங்களிடம் இந்த அக்கறையை எதிர்பார்க்க முடியாது. படைப்பு இல்லாமல் போவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அது வேறொரு மியூசியத்துக்கு இரவலாகப் போயிருக்கும். இரண்டாவது காரணம் ஒளி.

காகிதத்தில் செய்யப்பட்டவை, அதாவது நீர்வண்ணம், கோட்டோவியம், அச்சோவியம், புகைப்படம் ஆகியவை, ஒளி பட்டால் மங்கும். ஒரு முறை மங்கியது திரும்பி வராது. அதனால் அவற்றைச் சுமார் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தில்தான் வைப்பார்கள். எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை போவார்கள். சேதம் ஒளியின் அளவை மட்டும் பொறுத்ததல்ல, எவ்வளவு நேரம் பட்டது என்பதையும் பொறுத்தது. 500 லக்ஸில் 10 மணி நேரமும் 50 லக்ஸில் 100 மணி நேரமும் ஏறக்குறைய ஒரே அளவு சேதத்தைத் தரும். எனவே விளக்கைக் குறைத்தால் மட்டும் போதாது. சில மாதங்கள் காட்டிவிட்டு, பிறகு இருட்டறைப் பெட்டியில் நீண்ட ஓய்வு கொடுக்க வேண்டும். நெதர்லாந்தின் ஓட்டர்லோ கிராமத்துக்கு அருகே, டி ஹோகே வெலுவே தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் க்ரோலர் முல்லர் அருங்காட்சியகத்தில் வான் கோவின் ஓவியங்கள் ஏறக்குறைய 90, வரைபடங்கள் 180-க்கும் மேல் இருக்கின்றன. ஓவியங்களில் ஒரு பகுதி எப்போதும் சுவரில் இருக்கும். வரைபடங்களைப் பார்க்க நல்ல நேரம் வாய்க்க வேண்டும், அல்லது முன்கூட்டியே விசாரித்திருக்க வேண்டும்.

இனி நேரக் கணக்கு. இதைக் காலையிலிருந்து போடக் கூடாது. கடைசிப் பேருந்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். மியூசியம் 5:00 மணிக்கு மூடுகிறது, கடைசிப் பேருந்து 5:10, அதற்கு முந்தையது 4:10 என்று வைத்துக்கொள்வோம். திட்டம் 4:10-க்குத்தான். 5:10 என்பது காப்பு. அதையே திட்டமாக வைத்தால், அது வராத அன்று காப்பு எதுவும் இருக்காது. நிறுத்தத்தில் 4:00 மணிக்கு நிற்க வேண்டும். லாக்கரிலிருந்து பையை எடுத்து, வெளியே வந்து, நடந்து சேர 25 நிமிடம். ஆக 3:35-க்குக் கூடத்தை விட்டு வெளியேற வேண்டும். உள்ளே இரண்டு சுற்றுக்கு 90 நிமிடம், நடுவில் உட்கார்ந்து இளைப்பாற 30 நிமிடம், வெளித் தோட்டத்துக்கு ஒரு மணி நேரம். மொத்தம் மூன்று மணி நேரம். 12:35-க்கு உள்ளே நுழைந்தாக வேண்டும். வழியில் ஏற்படும் தாமதத்துக்கு முக்கால் மணி நேரம் விட்டால், 11:50-க்கு வாசலில் இறக்கிவிடும் பேருந்து எது என்று தேடுங்கள். வார நாள் அட்டவணையும் வார இறுதி அட்டவணையும் வேறு. பள்ளி விடுமுறைக் காலத்தில் இன்னொன்று இருக்கும்.

மூடும் நேரம் என்று போட்டிருப்பது உள்ளே அனுமதிக்கும் கடைசி நேரம் அல்ல. வழக்கமாக அரை மணி, சில இடங்களில் ஒரு மணி நேரத்துக்கு முன்பே டிக்கெட் நிறுத்தப்படும். வெளித் தோட்டம் கூடத்துக்கு முன்னதாகவே மூடப்படலாம். நேரம் குறித்த டிக்கெட் என்றால் படகும் பேருந்தும் அந்த நேரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். டிக்கெட் வாங்கிவிட்டுப் போக்குவரத்தைத் தேடுபவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள்.

வாசல் என்று வரைபடம் காட்டும் இடத்துக்கும் முதல் ஓவியத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிஹோவில் வரவேற்புக் கட்டடத்திலிருந்து ஒரு சுரங்கப்பாதை வழியாக நடந்து, பள்ளத்தாக்கின் மேல் தொங்கும் பாலத்தைக் கடந்துதான் மியூசியத்தை அடைய முடியும். சுமார் அரை கிலோமீட்டர். நடக்க முடியாதவர்களுக்கு மின்வண்டி ஓடுகிறது, ஆனால் முடிந்தால் நடந்துபோக வேண்டும். கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் அந்தப் பாதையைக் கட்டடத்தின் பகுதியாகவே அமைத்தார். சுரங்கத்தின் வளைவில் வெளிச்சம் மெல்லத் தெரியத் தொடங்கும் கணம் வண்டியில் போனால் நொடியில் கடந்துவிடும். க்ரோலர் முல்லரில் பூங்காவுக்கு ஒரு டிக்கெட், மியூசியத்துக்கு இன்னொன்று, இரண்டும் வேண்டும். பூங்கா வாசலில் வெள்ளை மிதிவண்டிகளை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அவற்றின் கைப்பிடியில் பிரேக் இருக்காது. மிதியைப் பின்பக்கமாக அழுத்தினால்தான் வண்டி நிற்கும். பழகாதவர்கள் முதல் இருபது அடி மெதுவாகப் போய்ப் பழகிக்கொள்வது நல்லது.

கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். டிக்கெட், திரும்பும் பேருந்து அட்டவணை, வரைபடம் மூன்றையும் படமாகச் சேமித்து வைக்க வேண்டும். வாடகை வண்டி பிடிக்கலாம் என்ற நினைப்பு கிராமப்புறத்தில் செல்லாது. அந்த வட்டாரத்துக்கே இரண்டு மூன்று வண்டிகள்தான் இருக்கும், அவற்றுக்கும் முன்பதிவு வேண்டும். டிக்கெட் வாங்கும்போதே வரவேற்பில் அந்த எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்வது புத்திசாலித்தனம். ஐந்து மணிக்குப் பிறகு அங்கே கேட்பதற்கு ஆள் இருக்காது.

எடுத்துப் போக வேண்டியவை குறைவு. எளிதில் கழற்றி மாட்டக்கூடிய காலணி, சுத்தமான காலுறை: சில அறைகளில் காலணியோடு நுழைய முடியாது. மெல்லிய மேலங்கி: கூடத்துக்குள் வெப்பமும் ஈரப்பதமும் படங்களுக்காகக் கட்டுப்படுத்தப்படுகின்றன, மனிதர்களுக்காக அல்ல, வெயிலில் நடந்து வியர்த்தவர்களுக்குப் பத்து நிமிடத்தில் குளிரும். சிறிய குறிப்பேடு, பென்சில். பேனாவைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. மை பட்டால் எடுக்க முடியாது, பென்சில் கோட்டை எடுத்துவிடலாம். புல்லிலும் புதரிலும் நடக்க வேண்டியிருந்தால் முழுக்கால் உடை. பூச்சி விரட்டியைக் கட்டடத்துக்கு வெளியே பூசி, கையைக் கழுவிவிட்டு உள்ளே போக வேண்டும். முதுகுப்பையை லாக்கரில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் திருட்டு பயம் இல்லை. முதுகில் பை இருப்பவருக்குத் தன் உடம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. ஒதுங்கி நின்று வழிவிடும்போது பின்னால் இருக்கும் படத்தில் பை உரசும். சிறிய அறையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

ஒரு பொருளை மட்டும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும்: அடர்நிறச் சட்டை. கண்ணாடி போட்ட படத்தின் முன் வெள்ளைச் சட்டையில் நின்றால் படத்தைவிடச் சட்டைதான் நன்றாகத் தெரியும். கறுப்போ கருநீலமோ உடுத்தியவருக்கு அந்தப் பிரதிபலிப்பு பெரிதும் குறைந்துவிடும். நீர்வண்ணமும் அச்சோவியமும் பார்க்கப் போகிறவர்களுக்கு இது மிகவும் உதவும்.

உள்ளே நுழைந்ததும் எல்லாம் இருட்டாகத் தெரியும். விளக்கு குறைவு என்று சலித்துக்கொண்டு பலர் முதல் அறையை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். குறை விளக்கில் மட்டும் இல்லை. வெளியே வெயிலில் பல்லாயிரம் லக்ஸ் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 50 லக்ஸ் அறை இருட்டுதான். கண் இறங்கி வரச் சில நிமிடங்கள் ஆகும். டிக்கெட் வாங்கிய பிறகு நிழலான கூடத்தில் ஐந்து, பத்து நிமிடம் உட்காருங்கள், கைபேசித் திரையைப் பார்க்காமல். அதன் பிறகு அதே அறையில் நீர்வண்ணத்தின் அடியில் ஓடும் பென்சில் கோடுகூடத் தெரியும்.

முதல் சுற்று பதினைந்து, இருபது நிமிடம். விவரச் சீட்டு எதையும் படிக்க வேண்டாம். எல்லா அறைகளையும் நடந்து பார்த்து, காலை நிறுத்தியவை எவை என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நான்கோ ஐந்தோ போதும். பிறகு வெளியே வந்து உட்காருங்கள். இரண்டாம் சுற்றில் அந்த ஐந்துக்கு மட்டும் தலா பத்து நிமிடம். வரிசையாக எல்லாவற்றுக்கும் சம நேரம் கொடுத்துக்கொண்டே போனால், கடைசி அறைக்கு வரும்போது கண் திறந்திருக்கும், எதுவும் பதியாது. பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய கில்மன் 1916-லேயே இந்தக் களைப்பைப் பற்றி எழுதினார். காட்சிப் பெட்டிகளைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிய வேண்டியிருக்கிறது என்று படம் பிடித்தே காட்டினார். களைப்பு மனத்தில் மட்டுமல்ல, முதுகிலும் குதிகாலிலும் இருக்கிறது. பெஞ்சு கண்ணில் பட்டால் உட்காருங்கள். அது அங்கே போடப்பட்டிருப்பதற்கும் அதற்கு எதிரே தொங்கும் படத்துக்கும் பெரும்பாலும் தொடர்பு இருக்கும்.

ஓவியத்தை மூன்று தூரங்களில் நின்று பார்க்க வேண்டும். முதலில் அறையின் மறுமுனையிலிருந்து: வெளிச்சமும் இருட்டும் எப்படிப் பிரிகின்றன என்பது அங்கிருந்துதான் தெரியும். அடுத்து, படத்தின் மூலைவிட்டத்தைப் போல் ஒன்றரை மடங்குத் தூரத்தில். ஒரு மீட்டர் மூலைவிட்டம் என்றால் ஒன்றரை மீட்டர். கண்ணை உருட்டாமலே முழுப் படமும் அடங்கும். கடைசியாக, தரையில் கோடு இருந்தால் அதுவரை, இல்லாவிட்டால் ஒரு கை நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில். தூரிகை எந்தத் திசையில் போயிருக்கிறது, எந்த வண்ணம் எதன் மேல் விழுந்திருக்கிறது, எங்கே கேன்வாஸ் பூசப்படாமல் விடப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் இங்கேதான். இந்தத் தூரத்தில் கைகள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். படத்தைத் தொட வேண்டும் என்று யாரும் வருவதில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றைச் சுட்டிக்காட்டப்போய் விரல் பட்டுவிடுவதுதான் நடக்கிறது. பளபளப்பு கண்ணைக் குத்தினால் ஓரடி இடப்பக்கமோ வலப்பக்கமோ நகருங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் வண்ணத்தின் மேடுபள்ளங்கள் நிழலோடு எழுந்து நிற்கும்.

விவரச் சீட்டை இப்போது படிக்கலாம். அளவுகளில் பெரும்பாலும் உயரம் முதலில், அகலம் அடுத்து. கடைசியில் இருக்கும் சேர்ப்பு எண்ணின் (மியூசியப் பதிவேட்டில் அந்தப் படைப்புக்குக் கொடுத்த எண்) முதல் பகுதி பல மியூசியங்களில் அந்தப் படைப்பு வந்து சேர்ந்த ஆண்டு. வரைந்த ஆண்டுக்கும் வந்த ஆண்டுக்கும் இடையே அறுபது ஆண்டுகள் இருந்தால், அந்த இடைவெளியில் அது யாருடைய வீட்டில் தொங்கியது என்று அங்குள்ள பணியாளரிடம் கேளுங்கள். ஒருவர் சேர்த்த சேகரிப்பிலிருந்து வளர்ந்த சிறிய மியூசியங்களில் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கும்.

ஊருக்கு வெளியே இருக்கும் இடத்தின் தனிச் செல்வம் ஜன்னல். அதைக் கடந்துபோகிறவர்கள் பாதி மியூசியத்தைப் பார்க்கவில்லை என்றே சொல்வேன். டென்மார்க்கின் ஹும்லபேக்கில் 1958-இல் திறந்த லூசியானா அருங்காட்சியகத்தில் சிற்பி ஜாகொமெட்டியின் ஒல்லியான வெண்கல உருவங்கள் ஒரு பெரிய ஜன்னலின் முன் நிற்கின்றன. ஜன்னலுக்கு வெளியே ஒரு சிறிய ஏரியும் மரங்களும். உருவத்தின் மெலிவு அந்தப் பச்சையின் எதிரேதான் உறைக்கும். ஜப்பானின் அடாச்சி அருங்காட்சியகத்தில் ஜன்னல் சட்டங்களே தோட்டத்தைப் படமாக்கி வைத்திருக்கின்றன. அந்தத் தோட்டத்துக்குள் இறங்கி நடக்க முடியாது, உள்ளிருந்துதான் பார்க்க வேண்டும். நடக்கலாம் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். படம் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டியது என்று தெரிந்து போகிறவர்களுக்கு அந்த ஏமாற்றம் இல்லை.

இயற்கை வெளிச்சத்தையே நம்பியிருக்கும் இடங்களில் வானிலை பார்த்து நேரம் குறியுங்கள். ஜெர்மனியின் நொய்ஸ் நகருக்கு அருகே ஆற்றோரப் புல்வெளியில் 1987-இல் தொடங்கப்பட்ட ஹோம்ப்ராய்ஹ் தீவு அருங்காட்சியகத்தில் கூடங்களுக்கு மின்விளக்கும் இல்லை, படைப்புகளுக்குப் பெயர்ச் சீட்டும் இல்லை. குளிர்கால மாலையில் போனால் பார்க்க வெளிச்சமே மிஞ்சாது. சிச்சுவில் மோனேவின் ஐந்து அல்லி ஓவியங்கள் இருக்கும் வெள்ளை அறைக்கும் பகல் வெளிச்சம் மட்டும்தான். செருப்பு மாற்றிக்கொண்டு, இரண்டு சென்டிமீட்டர் பளிங்குக் கனசதுரங்கள் பதித்த தரையில் நடந்து போக வேண்டும். அங்கே மேகம் ஒன்று சூரியனை மறைக்கும்வரை காத்திருங்கள். வெளிச்சம் நன்றாக மங்கினால் சிவப்புகள் முதலில் கருக்கும், நீலமும் பச்சையும் பின்தங்கி நின்று ஒளிரும். மனிதக் கண்ணின் இயல்பு அது. மேகம் விலகியதும் படம் மறுபடி மாறும். ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறவர்கள் ஒரே ஒரு ஓவியத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

வெளிச் சிற்பங்களுக்கு உச்சிவெயில் ஆகாது. சூரியன் தலைக்கு நேரே இருக்கும்போது நிழல் உருவத்தின் அடியிலேயே விழுந்துவிடும், வடிவம் தட்டையாகும். காலை பத்துக்கு முன்னும் மாலை மூன்றரைக்குப் பின்னும் சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். ஆகவே பேருந்து நேரம் இடம் கொடுத்தால் உச்சிவேளையைக் கூடத்துக்குள் கழித்துவிட்டு, வெயில் சாய்ந்ததும் வெளியே வாருங்கள். மழை வரும்போலிருந்தால் வரிசையை மாற்றித் தோட்டத்தை முதலில் முடித்துவிட வேண்டும். நனைந்த பாதைகளையும் ஈரப் படிகளையும் மூடிவிடுவார்கள். சிற்பத்தை ஒரு முறை முழுதாகச் சுற்றி வாருங்கள். பிறகு நேர் எதிர்த் திசையில் இன்னொரு முறை. முதல் சுற்றில் திடீரென்று வெளிப்பட்ட பக்கம், இரண்டாவதில் மெதுவாக வந்து சேரும்.

வெண்கலத்தைத் தடவ வேண்டாம். அதன் மேல் இருப்பது வெறும் அழுக்கல்ல. சிற்பி வேதிப்பொருளும் சூடும் கொடுத்து உருவாக்கிய நிறப்படலம், அதன் மேல் பராமரிப்பவர்கள் பூசும் மெழுகு. விரல்களின் எண்ணெயும் உப்பும் முதலில் மெழுகைத் தின்னும், பிறகு படலத்தை. பலர் தொட்ட மூக்கும் முழங்காலும் மட்டும் பொன்னிறமாகப் பளபளப்பது அதனால்தான். மேற்பரப்பில் வேண்டுமென்றே துருப் படியவிட்ட கார்ட்டென் எஃகுச் சிற்பத்தில் சாய்ந்தால் சேதம் உங்களுக்கும் உண்டு: அதன் துரு துணியில் ஏறினால் எளிதில் போகாது. வெயில் காலத்தில் உலோகம் தோலைச் சுடும் அளவு காயும். இடி கேட்டால் திறந்த புல்வெளியில் உயரமான உலோக உருவங்களின் அருகே நிற்காமல் கட்டடத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

மழையில் நனைந்து வந்தால் நேராகக் கூடத்துக்குள் போகாதீர்கள். குடையை வாசலில் விட்டு, மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, கொஞ்சம் உலர்ந்த பிறகு போங்கள். ஈரமான உடையோடு இருபது பேர் ஒரு சிறிய அறைக்குள் நுழைந்தால் ஈரப்பதம் ஏறும். காகிதமும் மரப்பலகையும் அதை உறிஞ்சி உப்பி, பிறகு காயும்போது சுருங்கும். அந்த அசைவில்தான் வண்ணப்பூச்சு விரிசல் விடுகிறது.

முதியவர்களோடு போகிறவர்கள் சரளைப் பாதை எவ்வளவு தூரம், இடையில் எத்தனை இருக்கை, சக்கர நாற்காலி முன்பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு முதலில் தோட்டம், பிறகு கூடம்; ஓடி முடித்த பிறகுதான் நிற்க முடியும்.

படம் எடுக்க அனுமதி இருந்தால் ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுங்கள், அடுத்த படமாக அதன் விவரச் சீட்டை எடுங்கள். வீட்டுக்குப் போன பிறகு எது யாருடையது என்று தேட வேண்டியிருக்காது. கடையில் அஞ்சலட்டை வாங்குவதென்றால், இரண்டாம் சுற்று முடிந்த கையோடு, அசல் படத்தின் நிறம் கண்ணில் இருக்கும்போதே பார்த்து வாங்க வேண்டும். அச்சில் நீலங்கள் அடிக்கடி தவறிப்போகின்றன. எந்த இடத்தில் தவறியிருக்கிறது என்று அட்டையின் பின்புறத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்; பேருந்து வரும்வரை அதற்கு நேரம் இருக்கும்.